இருதயத்திற்கு வந்த இரவல் நாளம்

பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து நோயாளர் வீடு திரும்பும் நாள் அவ்வில்லத்திற்கு ஒரு பெருநாள் போன்றது. உறவினர் வாசலிலே கூடுகின்றனர். அயலவர் வந்து சுகம் விசாரிக்கின்றனர். "இனிப் பயமில்லை, இருதயம் புதிதாகிவிட்டது" என்று எல்லோரும் ஆறுதல் கூறுகின்றனர். நோயாளரும் அவ்வாறே நம்புகிறார். மாதங்கள் சில கழிகின்றன. படியேறும்போது முன்னர் வருத்திய நெஞ்சு நோவு இப்பொழுது இல்லை. "நோவுதான் போய்விட்டதே, பின் எதற்கு இத்தனை மாத்திரைகள்?" என்ற எண்ணம் மெல்லத் தலைகாட்டுகிறது. ஒரு நாள் மாத்திரை தவறுகிறது. பின்னர் ஒரு வாரம் தவறுகிறது. வீட்டின் பின்புறத்திலே, மனைவி காணாத வேளை பார்த்து, ஒரு சிகரெட்டும் புகைகிறது.

எத்தனையோ இல்லங்களில் நடைபெறும் சிறு நிகழ்ச்சிதான் இது. ஆனால் அதன் பின்னே பெரியதோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பைபாஸ் சத்திரசிகிச்சை இருதயத்தைப் புதிதாக்குவதில்லை. அடைபட்ட வழிக்கு அருகே ஒரு மாற்று வழியை அமைத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. அம்மாற்று வழிகளிற் பெரும்பாலானவை நோயாளரின் காலிலிருந்து எடுத்த நாளத் துண்டுகளால் ஆனவை. முதல் வழி அடைபட்டது போலவே இரண்டாவது வழியும் அடைபடக்கூடும். அவ்வாறு அடைபடாமற் காப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் வாசகர்களுடன் ஆராய விரும்பும் விடயம்.

ஒரு கிராம வைத்தியரின் கைத்திறன்

ஆர்ஜெந்தீனா நாட்டின் லா பிளாத்தா நகரில் 1923ஆம் ஆண்டிற் பிறந்தவர் ரெனே பவலோரோ. தந்தையார் தச்சுத் தொழிலாளி; தாயார் தையல் வேலை செய்தவர். வைத்தியப் பட்டம் பெற்ற பின்னர் 1950இல் அவர் ஹசிந்தோ அராவுஸ் என்னும் சிற்றூருக்குச் சென்று, அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் கிராம வைத்தியராகப் பணிபுரிந்தார். 1962இல் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரின் புகழ்பெற்ற வைத்திய நிலையத்திற்குப் பயிற்சி பெறச் சென்றார்.

அந்நிலையத்திலே மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர், இருதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளை எக்ஸ்ரே படமாக எடுக்கும் முறையை 1958இற் கண்டறிந்திருந்தார். இன்று அஞ்சியோகிராம் என்று யாவரும் அறிந்திருக்கும் சோதனை அதுவே. பவலோரோ அப்படங்களைப் பார்ப்பதிலே பல மணி நேரம் செலவிட்டார். அடைப்பு இன்ன இடத்திலே இருக்கிறதென்று கண்ணாற் காண முடிந்த பின்னர், அதனைத் தாண்டிச் செல்ல ஒரு வழி அமைத்தாலென்ன என்ற வினா எழுவது இயல்பன்றோ? 1967ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் திகதி, 51 வயதுப் பெண்ணொருவரின் காலிலிருந்து எடுத்த நாளத் துண்டைக் கொண்டு, அவருடைய இருதயத்தின் அடைபட்ட நாடிக்கு அவர் புதுவழி அமைத்தார்.

இத்துறையில் முயன்றவர் அவர் ஒருவரே அல்லர். உருசிய நாட்டு வைத்தியர் வசீலி கொலெசொவ், 1964இல் லெனின்கிராட் நகரிலே, மார்பின் உட்புறத்தில் ஓடும் நாடியொன்றை இருதய நாடியுடன் பொருத்தி வெற்றி கண்டிருந்தார். எனினும், கால் நாளத்தைப் பயன்படுத்தும் முறையை உலகெங்கும் நிலைபெறச் செய்த பெருமை பவலோரோவையே சாரும்.

வாய்க்காலிலே பாய்ந்த வெள்ளம்

கால் நாளத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள்? கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடையின் மேற்பகுதி வரையில், தோலின் கீழே நீண்டு ஓடுகிறது அந்நாளம். எடுப்பதற்கு எளிது, நீளம் போதியது, அதனை எடுத்துவிட்டாலும் காலின் ஆழத்திலுள்ள ஏனைய நாளங்கள் அவ்வேலையைச் செய்துகொள்ளும். அதனுள்ளே இரத்தம் ஒரு திசையில் மாத்திரமே செல்லும்படி சிறு கதவுகள் போன்ற வால்வுகள் உள்ளன. நாளங்களின் வால்வுகள் இரத்தத்தை இருதயத்தை நோக்கி மாத்திரமே செல்லவிடுகின்றன என்பதை வில்லியம் ஹாவே என்னும் ஆங்கில வைத்தியர் 1628இல் வெளியிட்ட நூலிலே விளக்கியிருக்கிறார். ஆகையாற் சத்திர வைத்தியர் அந்நாளத்தை வழக்கமாகத் தலைகீழாகத் திருப்பியே இருதயத்திற் பொருத்துகின்றனர்.

ஆனால் நாளம் வேறு, நாடி வேறு. நாடி இருதயத்தின் துடிப்பைத் தாங்குவதற்கென்றே தடித்த தசைச் சுவருடன் அமைந்தது. நாளமோ களைத்துத் திரும்பிவரும் இரத்தத்தை மெல்ல ஏந்திச் செல்வதற்கென்று அமைந்த மெல்லிய குழாய். நாம் படுத்திருக்கும் வேளையில் கால் நாளத்தின் அமுக்கம் இரசமானியில் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். அதே நாளத்தை இருதயத்திலே பொருத்தியவுடன், ஒவ்வொரு துடிப்பிலும் 120 மில்லிமீற்றர் வரையிலான அமுக்கத்தை அது தாங்க வேண்டியதாகிறது. வீட்டுத் தோட்டத்தில் கிணற்று நீர் பாய்வதற்கென்று வெட்டிய வாய்க்காலிலே குளத்து மடையைத் திறந்துவிட்டால் என்ன நேரும்? கரை அரிக்கும், மண் படியும், ஈற்றில் வாய்க்கால் தூர்ந்துபோகும். இரவல் நாளத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

மூன்று பருவங்கள், மூன்று பகைவர்

நாளம் அடைபடுவதற்குக் காரணம் எக்காலத்தும் ஒன்றன்று. வைத்திய நூலார் அதனை மூன்று பருவங்களாக வகுத்துள்ளனர்.

முதலாவது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதம். நாளத்தை எடுக்கும்போதும் பொருத்தும்போதும் அதன் உட்படலம் சிறிது காயமுறுகிறது. காயம் கண்ட இடமெல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொள்வது இரத்தத்திலுள்ள சிறுதட்டுகளின் இயல்பு. விரலில் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றுகின்ற அதே குணம் இங்கே பகையாகிறது. இரத்தம் கட்டியாகி வழியை அடைத்துவிடுகிறது.

இரண்டாவது பருவம், முதல் மாதத்திலிருந்து ஓராண்டு வரை. மிகையான அமுக்கத்தைத் தாங்கும் பொருட்டு நாளத்தின் சுவர் தடிக்கத் தொடங்குகிறது. உட்சுவரிலே தசைக் கலங்கள் பெருகுகின்றன. ஓரளவு தடிப்பது நன்மையே. அளவு மீறினால் உள்வழி ஒடுங்கிவிடும்.

மூன்றாவது, ஓராண்டிற்குப் பிந்திய நீண்ட காலம். தடித்த சுவரிலே கொழுப்புப் படிகிறது. இருதயத்தின் சொந்த நாடிகளை அடைத்த அதே நோய், இப்போது இரவல் நாளத்தையும் பிடிக்கிறது. நாளத்திற் படியும் கொழுப்பு மென்மையாகவும் எளிதில் உடைந்து சிதறுவதாகவும் இருப்பதால் ஆபத்தும் அதிகம். அதனைத் திருத்துவதற்கு மறுமுறை நெஞ்சைத் திறப்பது முதன்முறையிலும் கடினமானது.

பல ஆய்வுகளின்படி, முதல் ஆண்டிலேயே நூறு நாளங்களிற் பத்து முதல் இருபது வரை அடைபட்டுப் போகின்றன. பத்தாண்டு நிறைவிலே, ஏறக்குறைய அரைவாசி நாளங்கள் முற்றாக அடைபட்டோ பெரிதும் நோயுற்றோ காணப்படுகின்றன. இதனைப் படித்து எவரும் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு நாளம் அடைபட்டாலும் ஏனையவை தொழிற்படக்கூடும். அன்றியும், மூன்று பருவங்களுக்கும் உரிய காவல்கள் இன்று நமக்குத் தெரிந்திருக்கின்றன.

சத்திர வைத்தியரின் கடமை

முதற் காவல் சத்திரசிகிச்சை அறையிலேயே தொடங்குகிறது. மார்பெலும்பின் பின்புறத்தில், இடப்பக்கமாக ஓடும் உள்நாடியொன்று உண்டு. பிறப்பிலேயே நாடியாக இருப்பதால் அமுக்கம் அதற்குப் புதிதன்று. கொழுப்பும் அதிலே எளிதிற் படிவதில்லை. இருதயத்தின் முன்புறத்திலுள்ள முக்கியமான நாடிக்கு இதனைப் பொருத்துவதே இன்று உலகெங்கும் வழக்கம். பத்தாண்டு கழிந்த பின்னரும் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் இவை திறந்தேயிருக்கின்றன. இதனைப் பொருத்தியவர்கள் நாளம் மாத்திரம் பொருத்தியவர்களிலும் நீண்ட காலம் வாழ்கின்றனர் என்று கிளீவ்லாந்து வைத்தியர்கள் 1986இல் வெளியிட்டனர். எனினும் பலருக்கு மூன்று அல்லது நான்கு வழிகள் தேவைப்படுவதால், கால் நாளத்தை முற்றாகக் கைவிட இயலவில்லை.

நாளத்தை எடுக்கும் முறையும் முக்கியமானது. சுற்றியுள்ள கொழுப்பையும் இழையங்களையும் நீக்கி, வெறுங் குழாயாக எடுத்து, நீர் செலுத்தி விரிப்பது பழைய வழக்கம். சுவீடனில் ஒரெப்ரோ நகரத்து வைத்தியர் டொமிங்கோஸ் சூசா 1990களில் வேறொரு முறையைக் கையாண்டார். நாளத்தைக் கருவிகளால் நேரே பற்றாமல், சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே எடுத்தார். பதினாறு ஆண்டுகளின் பின்னர் சோதித்தபோது, அவ்வாறு எடுத்த நாளங்களில் நூற்றுக்கு 83 திறந்திருந்தன. பழைய முறையில் எடுத்தவற்றில் 64 மாத்திரமே திறந்திருந்தன. ஆயினும், அதே சுவீடன் நாட்டிலே பல வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்தி 2024இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டு அளவில் இத்தகைய நன்மை புலப்படவில்லை. காலிலே புண் ஆறுவதிலும் சிக்கல்கள் அதிகமாயிருந்தன. ஆகவே, இன்ன முறையே சிறந்ததென்று நாம் தீர்ப்புக் கூற முற்படலாகாது. அது சத்திர வைத்தியரின் அறிவுக்கும் அநுபவத்திற்கும் உரியது.

சிறு மாத்திரையின் பெரும் பணி

இரண்டாவது காவல், நம் பாட்டிமாரும் அறிந்திருந்த அஸ்பிரின் மாத்திரை. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்துக் குடும்ப வைத்தியர் லோறன்ஸ் கிறேவன், தொண்டைச் சதை நீக்கிய சில நோயாளருக்கு வழமைக்கு மிஞ்சி இரத்தம் கசிவதைக் கண்டார். அவர்கள் நோவு தணிவதற்காக அஸ்பிரின் கலந்த பசையை மென்றுகொண்டிருந்தனர். இரத்தம் உறைவதை இம்மருந்து தடுக்கிறதாயின், இருதயத்திற்கும் உதவுமன்றோ என்று அவர் சிந்தித்து, 1950களில் அதனை எழுதியும் வெளியிட்டார். அன்று அவர் சொல்லை மதித்தவர் சிலரே. 1971இல் ஜோன் வேன் என்னும் ஆங்கில அறிஞர் அஸ்பிரின் தொழிற்படும் விதத்தை விளக்கினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு வேண்டிய பொருளொன்று உண்டாகாதபடி அஸ்பிரின் தடுக்கிறது.

1980களில் நடைபெற்ற ஆய்வுகள், பைபாஸ் செய்தவருக்கு அஸ்பிரின் கொடுத்தால் நாளம் அடைபடுவது குறைகிறதென்று காட்டின. சத்திரசிகிச்சை முடிந்த ஆறு மணித்தியாலத்துக்குள் இதனைத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டுமென்பது இன்றைய வைத்திய சங்கங்களின் அறிவுரை. சிலருக்கு முதல் ஓராண்டு வரை இதனுடன் இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. சீன நாட்டில் 500 நோயாளரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், அஸ்பிரினுடன் டிக்காகிறலோர் என்ற மருந்தையும் பெற்றவர்களின் நாளங்களில் நூற்றுக்கு 88.7 ஓராண்டின் பின் திறந்திருந்தன. அஸ்பிரின் மாத்திரம் பெற்றவர்களில் 76.5. ஆனால் இரண்டும் சேரும்போது இரத்தம் கசியும் ஆபத்தும் கூடுகிறது. எவருக்கு ஒன்று, எவருக்கு இரண்டு என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

பல் பிடுங்கப் போகிறோம் என்றும், வயிறு எரிகிறது என்றும் அஸ்பிரினைத் தாமாக நிறுத்திக்கொள்வோர் உளர். அது தகாது. பல் வைத்தியரிடம் பைபாஸ் செய்துகொண்டதைக் கூறுக. இருதய வைத்தியரிடமும் கேட்டறிக. வயிற்று எரிவுக்கு வேறு மருந்துண்டு. மலம் கறுத்துப் போனால் மாத்திரம், சற்றும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அரிசியிலிருந்து வந்த அருமருந்து

மூன்றாவது காவல், கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து. யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 6,000 வகைப் பூஞ்சணங்களைச் சோதித்தார். ஈற்றில், கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியிலே வளர்ந்த நீலப் பூஞ்சணத்திலிருந்து, உடல் கொலஸ்திரோலை ஆக்குவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அவர் காட்டிய வழியிலே பிறந்த லோவஸ்டாட்டின் 1987இல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

இம்மருந்து இரவல் நாளத்திற்கு எவ்வளவு உதவும்? 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. பைபாஸ் செய்துகொண்ட 1,351 பேர் அதிற் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்குத் தீய கொலஸ்திரோலை 100 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கினர். மற்றப் பகுதியினருக்கு 135 அளவில் நிறுத்தினர். நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தின் பின் படமெடுத்துப் பார்த்தபோது, முதற் பகுதியினரின் நாளங்களில் நூற்றுக்கு 27இல் நோய் முற்றியிருந்தது. இரண்டாம் பகுதியினரில் 39இல் முற்றியிருந்தது. கொழுப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நாளம் பிழைக்கிறது என்பது தெளிவாயிற்று. இன்று அளவு இன்னும் இறுக்கமாகிவிட்டது. இத்தகைய நோயாளருக்கு 70க்குக் கீழே வைத்திருக்க வேண்டுமென்பது பொதுக் கருத்து. ஐரோப்பிய வைத்தியர்கள் 2019 முதல் 55க்குக் கீழே என்கின்றனர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் அவசியம். இரத்தச் சோதனையிற் கொலஸ்திரோல் குறைந்திருப்பதைக் கண்டதும், "இனி மருந்து வேண்டாம்" என்று முடிவு செய்வோர் பலர். அது குறைந்திருப்பது மருந்தினாலேயே. மழையிலே குடை பிடித்துச் செல்பவர், தாம் நனையவில்லையே என்று குடையை மடக்கிவிடுவாரா?

நாளத்தைக் காக்கப் புதுமையான மருந்துகளைத் தேடியவர்களும் உண்டு. பொருத்துவதற்கு முன் நாளத்தை ஒரு மருந்தில் ஊறவைத்தால் அதன் சுவர் தடிக்காது என்று நம்பி, 3,000க்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. அம்மருந்தாற் பயன் விளையவில்லை. விந்தையான மருந்து தோற்றுவிட்டது. எளிய மாத்திரைகள் நின்று காக்கின்றன.

புகையும் சர்க்கரையும் அமுக்கமும்

மாத்திரை எவ்வளவு நல்லதாயினும், ஒரு கையாற் காத்து மறு கையால் அழிப்போமாயின் பயனில்லை. புகையிலைப் புகை நாளத்தின் உட்படலத்தைக் கெடுக்கிறது. சிறுதட்டுகளை ஒட்டச் செய்கிறது. ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலே பைபாஸ் செய்துகொண்டோரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், புகைத்தலை விட்டவர்கள் விடாதவர்களிலும் நீண்ட காலம் வாழ்ந்தனர். மறுமுறை சிகிச்சை தேவைப்பட்டதும் அவர்களுக்குக் குறைவு. சிகரெட்டு, பீடி, சுருட்டு என்ற வேற்றுமை நாளத்திற்குத் தெரியாது.

நீரிழிவும் உயர் இரத்த அமுக்கமும் அவ்வாறே. முன்னது நாளத்தின் சுவரைக் கெடுக்கிறது. பின்னது ஏற்கெனவே தாங்க முடியாத சுமையை ஏந்தி நிற்கும் அதன்மேல் மேலும் சுமை ஏற்றுகிறது. வைத்தியர் கூறிய அளவில் நாள்தோறும் நடத்தல், உப்பையும் கொழுப்பையும் குறைத்தல், சோற்றின் அளவைக் குறைத்துக் கீரையும் காய்கறியும் மீனும் கூட்டுதல் ஆகியவை செலவில்லாத வைத்தியம்.

இல்லத்தாரின் பங்கு

இக்காவல்களையெல்லாம் நாள்தோறும் நடத்தி வைப்பவர் யார்? சத்திர வைத்தியரின் பணி சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஆண்டுகள் முழுவதும் காவல் இல்லத்தாருடையதே. மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்து, கண்ணிற் படும் இடத்தில் வைத்தல். முடிவதற்கு ஒரு வாரம் முன்னரே அடுத்த தவணை மருந்தைப் பெற்றுக்கொள்ளுதல். கிளினிக் திகதியை நாட்காட்டியிற் குறித்தல். மருந்துச் சீட்டையும் சோதனைப் பத்திரங்களையும் ஒரே உறையிற் சேர்த்து வைத்தல் ஆகிய இவை சிறு காரியங்கள்தாம். ஆயினும் வாய்க்கால் தூர்ந்துபோகாமற் காப்பவை இவையே.

மறைத்து வைத்திருந்த சிகரெட்டைக் கண்டால், கோபித்துச் சண்டையிடுவதால் நன்மையில்லை. அது தம் உயிருக்கு மாத்திரமன்றிப் பிள்ளைகளின் எதிர்காலத்திற்கும் பகையென்பதை அன்போடு எடுத்துரைப்பதே பயன் தரும். நெஞ்சு நோவு மறுபடி தோன்றினாலும், சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்கினாலும், "வாய்வுக் குத்து" என்று கசாயம் வைத்துக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஓய்ந்திருக்கும்போதே நோவு தோன்றி நீடிக்குமாயின், ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலையை நாட வேண்டும்.

பவலோரோ உலகப் புகழ் பெறுமுன்னர் கிராம வைத்தியராயிருந்தார் என்று கூறினோம். அக்கிராமத்திலே அவர் நோயாளரை மாத்திரம் கவனிக்கவில்லை. தம் சகோதரருடன் சேர்ந்து ஊராருக்குச் சுகாதாரத்தைப் போதித்தார். மருத்துவிச்சிகளையும் ஆசிரியர்களையும் கூட்டி நோய் வருமுன் காக்கும் வழிகளைக் கற்பித்தார். அவசரத்திற்கு இரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பட்டியலைத் தயாரித்து வைத்தார். அவ்வூரிலே குழந்தை மரணம் குறைந்தது. ஊசியும் நூலும் எடுத்து இருதயத்தைத் தைக்க வல்ல அதே மனிதர், வீடுகளிலே நடைபெறும் சிறு காரியங்களின் பெருமையையும் அறிந்திருந்தார்.

காலிலிருந்து வந்த அந்த இரவல் நாளம், தனக்குப் பழக்கமில்லாத இடத்திலே பழக்கமில்லாத சுமையைத் தாங்கி, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு குடும்பத்தின் தலைவரையோ தலைவியையோ காத்து நிற்கிறது. நாள்தோறும் ஒரு வேளை மாத்திரையை நினைவூட்டி எடுத்துக் கொடுப்பதைவிட, அதற்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு வேறு யாதுளது?